மறுமொழி கூறும் நகரம்: சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியும் அதன் பட்டணமும்

கிறிஸ்தவக் கல்லூரிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரே முறையைக் கையாளுகின்றனர். விதைத்தவர், நீர் பாய்ச்சியவர், விளைச்சல் என்று அதிகாரங்கள் அமைகின்றன. இறுதியில் புகழ்பெற்ற பழைய மாணவரின் பட்டியல் ஒன்று சேர்க்கப்படுகின்றது. கல்லூரி நிற்கும் நகரமோ முதற் பக்கத்தில் ஒரு வருணனையாகத் தோன்றுகின்றது; பின்னர் மாணவர்களை ஈந்த களஞ்சியமாக அப்பட்டியலில் ஒருமுறை எட்டிப் பார்த்து மறைந்துவிடுகின்றது. ஒரு நிறுவனத்துக்கும் அதன் ஊருக்குமிடையே தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த உறவு, இவ்வாறு ஒருவர் மட்டுமே பேசும் உரையாடலாக நமக்கு வந்து சேருகின்றது.

இம்முறை போதாது என்பதே நம் கருத்து. அதனை விளக்கச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். நம் திருச்சபைத் தலைவர் பலரை உருவாக்கிய கல்லூரி அது. தன் நகரத்தின் நடுவே ஒரு நூற்றாண்டு நின்று, பின்னர் அதை விட்டு நீங்கி வேறிடம் சென்ற கல்லூரியும் அதுவே. ஆகவே ஊருக்கும் கல்லூரிக்கும் உள்ள உறவை ஆராய இதனினும் ஏற்ற எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. கல்லூரி நகரத்துக்கு என்ன கொடுத்தது என்று மலர்கள் கேட்கின்றன. நகரம் கல்லூரிக்கு என்ன மறுமொழி கூறிற்று, கல்லூரி அதற்குச் செவிகொடுத்ததா என்று நாம் கேட்க விரும்புகின்றோம்.

1. வழக்காடலில் தொடங்கிய உறவு

1835-ஆம் ஆண்டில் எழும்பூர்ப் புனித அந்திரேயா ஆலயத்தைச் சார்ந்த ஸ்காட்லாந்துக் குருமார் சிறுவர் பள்ளியொன்றைத் தொடங்கினர். 1837-இல் ஜான் ஆண்டர்சன் வந்து அதனை ஏற்று, கறுப்பர் பட்டணத்தில், மக்கள் அரண்மனைக்காரன் தெரு என வழங்கும் ஆர்மீனியத் தெருவில், பொதுச்சங்கப் பள்ளியாக நடத்தினார். பின்னர் அது கோட்டைக்கு எதிரேயுள்ள எஸ்பிளனேடுக்கு மாறிற்று.

தொடங்கிய மறு ஆண்டிலேயே வழக்கு எழுந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த சிறுவர் சிலர் பள்ளியில் இருப்பதை அறிந்த பெற்றோர், அவர்களை நீக்கவேண்டும் அல்லது வேறாக உட்காரவைக்கவேண்டும் என்றனர். ஆண்டர்சன் இணங்கவில்லை, மாணவர் பலர் விலகினர். 1841-இல் ராஜகோபால், வேங்கடராமையா என்னும் மாணவர் இருவர் திருமுழுக்குப் பெற்றபோது பள்ளி ஏறக்குறைய வெறுமையாயிற்று. 1842-இல் பச்சையப்பரின் அறநிதியைக் கொண்டு இந்துப் பெருமக்கள் தம் பள்ளியைத் திறந்தனர். அதற்குக் காரணங்கள் பல இருப்பினும், மிஷன் பள்ளிக்கு மாற்று ஒன்று வேண்டும் என்ற எண்ணமும் அவற்றுள் ஒன்று. 1844-இல் கசுலு இலட்சுமிநரசு செட்டியார் ‘கிரசென்ட்’ என்னும் இதழை நடத்தலானார். 1852-இல் சென்னைச் சுதேசிச் சங்கம் உருவாயிற்று. அரசு மிஷன்களுக்குச் சார்பாக நடந்துகொள்கின்றது என்பது இம்முயற்சிகளில் ஒலித்த முக்கியக் குறை.

நம் வரலாற்றாசிரியர்கள் இவ்வாண்டுகளைச் சோதனைக் காலம் என்று அழைத்து விரைந்து கடந்து செல்கின்றனர். ஆனால் அரசியல் முறையில் ஒன்றுகூடி விண்ணப்பம் எழுதவும், தம் பணத்தில் தம் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கவும், அச்சுக்கூடத்தைப் பயன்படுத்தவும் சென்னை நகரத்தார் கற்றுக்கொண்ட காலமும் இதுவே. அவர்களைப் பேச வைத்தவற்றுள் ஆண்டர்சனின் பள்ளியும் ஒன்று. அது விரும்பிப் பெற்ற பயன் அன்று; எனினும் உண்மையான பயன்.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். மறுமொழிக்குச் செவிகொடுத்தல் வேறு, அதற்குக் கீழ்ப்படிதல் வேறு. 1838-இல் நகரத்தார் கேட்டது சாதிச் சுவர். அதை மறுத்ததில் ஆண்டர்சன் செய்தது சரியே. நகரத்தின் குரல் அனைத்தும் நீதியின் குரல் என்று நாம் கூறவில்லை. வழக்காட இரு தரப்பினர் இருந்தனர், ஒருவரை ஒருவர் பொருட்படுத்தினர் என்பதே நாம் கூற விழைவது.

2. புளித்தமா உவமையும் அதன் குறையும்

1862-இன் இறுதியில் வில்லியம் மில்லர் சென்னைக்கு வந்தார். 1877-இல் திருச்சபைகள் பலவற்றின் கூட்டுறவோடு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்னும் பெயர் நிலைபெற்றது. 1907 வரை அவரே முதல்வர். சட்டமன்றத்தில் அமர்ந்தார், பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றினார். அவர் உயிரோடிருக்கும்போதே, 1901-இல், அவருக்குச் சிலை எழுந்தது. தன் முன்னோரின் பள்ளியைக் காலிசெய்த அதே நகரம் அவரைப் போற்றியது.

மில்லர் தம் பணிக்குக் கொண்டிருந்த விளக்கம் நாம் அறிந்ததே. திருமுழுக்கு எண்ணிக்கையால் கல்விப் பணியை அளக்கலாகாது. கிறிஸ்துவின் எண்ணங்கள் சமுதாயத்தினுள் மெல்லப் பரவி அதனை ஆயத்தப்படுத்தவேண்டும் என்றார் அவர். 1872-இல் அலகாபாத்தில் கூடிய மிஷனெரி மாநாட்டில் இந்நிலையை அவர் எடுத்துரைத்தார். நற்செய்தி நூலின் புளித்தமா உவமையைக் கொண்டு இக்கொள்கையை விளக்குவது பின்னர் வழக்கமாயிற்று.

இவ்விளக்கத்தின் பெருந்தன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் உவமையை இவ்வாறு பொருத்தும்போது ஒரு குறை நேருகின்றது. புளித்தமா செயல்படுகின்றது, பிசைந்த மாவோ செயல்பாட்டுக்கு உள்ளாகின்றது. மாவு வாய் திறப்பதில்லை. கல்லூரியைப் புளித்தமாவாகவும் நகரத்தை மாவாகவும் எண்ணியவர்கள், நகரத்தார் தம்மைத் திருப்பிப் பாதிக்கக்கூடும் என்பதை எண்ண இடமில்லாமற் போயிற்று.

நடந்த வரலாறோ உவமையை மிஞ்சிற்று. 1904 முதல் 1908 வரை அங்குப் பயின்ற சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், இந்து சமயத்தைப் பற்றிக் கிறிஸ்தவ ஆசிரியர்கள் கூறிய குறைகளே தம்மை அச்சமயத்தை ஆழ்ந்து பயிலத் தூண்டின என்று பிற்காலத்தில் எழுதினார். வேதாந்தத்துக்கு அறநெறி இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு மறுமொழியாகவே அவருடைய முதுகலை ஆய்வுரை அமைந்தது. அதைப் பாராட்டியவர் அவருடைய ஆசிரியர் ஏ. ஜி. ஹாக். அந்த ஹாக் 1909-இல் ‘கருமமும் மீட்பும்’ என்ற பொருளில் நூலொன்று வெளியிட்டார். இந்து சிந்தனையை எதிரியின் சரக்காக ஒதுக்காமல், அதனோடு ஊன்றி வாதிட்டுத் தம் நம்பிக்கையையே புதிதாக எண்ணிப் பார்த்த நூல் அது. மாணவர் மட்டும் கற்கவில்லை, ஆசிரியரும் கற்றார்.

தமிழ்த்துறையின் வரலாறும் இதையே காட்டுகின்றது. அங்கே பயின்று அங்கேயே தமிழ் கற்பித்த பரிதிமாற் கலைஞர், 1903-இல் தம் 33-ஆம் வயதில் மறையும்வரை தமிழின் உயர்தனிச் சிறப்புக்காக வாதாடினார். 1898 முதல் 1911 வரை அங்குத் தமிழாசிரியராக இருந்த மறைமலையடிகள், அப்பணியில் இருந்தபோதே, 1905-இல், சைவ சித்தாந்த மகா சமாசத்தை நிறுவினார். கிறிஸ்தவக் கல்லூரியின் ஊதியம் பெற்ற ஒருவர் சைவத்தின் மறுமலர்ச்சிக்கு உழைத்தார். கல்லூரியும் அவரை விலக்கவில்லை. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தமிழின் இடம் சுருங்கியபோது அவரே பணியை விட்டுப் பல்லாவரம் சென்றார். மலர்கள் இவர்களைப் பட்டியலில் சேர்த்துப் பெருமை கொள்கின்றன. ஆனால் கல்லூரியின் கொள்கையை நோக்கி இவர்கள் எழுப்பிய கேள்விகள் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

எஸ்பிளனேடு காலத்தைப் பொற்காலமாக வருணிப்பதும் தவறாகும். ஒரு பக்கம் கோட்டை, எதிரே 1892-இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றம், கூப்பிடு தொலைவில் துறைமுகம். நீதிமன்றத்துக்குச் செல்லவிருந்தவர்கள் கல்லூரிக்குள் வந்தனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் வெளியே நடந்து சென்றனர். மில்லரின் திட்டம் உயர்சாதி இந்துக்களையே முதன்மையாக நோக்கியது. 1838-இல் ஆண்டர்சன் யாருக்காக உறுதியாக நின்றாரோ அவர்களின் பிள்ளைகள் அத்திட்டத்தின் மையத்தில் இல்லை. மறுமொழி கூறிய நகரம் என்று நாம் சொல்லும்போது, நகரத்தின் ஒரு பாதிக்கே அந்த வாய்ப்பு இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அருகில் இருப்பது மட்டுமே உறவாகிவிடாது.

3. நகரத்தை விட்டுப் புறப்படுதல்

நெருக்கமும் இரைச்சலும் மிகுந்த எஸ்பிளனேடில் வளர இடமில்லை. மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே வாழும் விடுதிக் கல்லூரியே தகுந்தது என்ற எண்ணம் வலுத்தது. நகரத்துக்குத் தெற்கே, தாம்பரத்தை ஒட்டிய சேலையூர்க் காட்டில் இடம் கிடைத்தது. தூய காற்றை நாடித் தாம்பரம் வந்தது கல்லூரி மட்டுமன்று. 1928-இல் மருத்துவர் சவுரி முத்து காசநோயாளருக்கான மருத்துவமனையை அங்கே நிறுவியிருந்தார். 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. 1937 சனவரியில் ஆளுநர் எர்ஸ்கின் பிரபு புதிய வளாகத்தைத் திறந்துவைத்தார். சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் ஹென்றி ஷேட்டி கட்டடங்களை வகுத்தார். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் துணைவியாரும் மரங்களை நட்டு வளர்த்தனர்.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மைகள் மெய்யானவை. பல சமயத்தாரும் பல வகுப்பாரும் ஒரே விடுதியில் வாழும் நோக்கம் வடிவம் பெற்றது. 1939-இல் பெண்கள் சேர்க்கப்பட்டனர். ஆய்வுக்கூடங்களுக்கு இடம் கிடைத்தது. ஆகவே இதனைத் தப்பியோட்டம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட நாம் உடன்படோம்.

ஆயினும், இக்காலத்தில் இந்தியக் கிறிஸ்தவ உயர்கல்வியை ஆராய்ந்த லிண்ட்சே குழுவின் அறிக்கையை இங்கு நினைவுகூர்வது தக்கது. அது 1931-இல் வெளிவந்தது. இடமாற்ற எண்ணம் அதற்கு முற்பட்டதே. கல்லூரிகள் தேர்வு முறைக்கு அடிமைப்பட்டுக் கிடக்கின்றன என்று அக்குழு குறை கூறிற்று. ஆய்வையும் விரிவாக்கப் பணியையும் மேற்கொண்டு தம்மைச் சூழ்ந்த சமுதாயத்தின் வாழ்வோடு இணையவேண்டும் என்றது. நல்ல அறிவுரையே. ஆனால் இங்கும் பழைய குறை புது உருவில் வருகின்றது. கல்லூரியின் அறிவு வெளியே செல்லவேண்டும் என்று கூறப்பட்டது. வெளியே உள்ள அறிவு உள்ளே வந்து கல்லூரியைத் திருத்தவேண்டும் என்பது அதே அளவுக்கு வற்புறுத்தப்படவில்லை. தாம்பரத்து மாணவர்கள் சுற்றுக் கிராமங்களுக்குச் சென்று தொண்டாற்றினர், அது போற்றத்தக்கது. எனினும் தொண்டைப் பெறுபவர் நன்றி கூறுவார், வாதிடமாட்டார். பச்சையப்பரின் பள்ளியை நிறுவியவர்கள் கல்லூரிக்கு நிகரானவர்களாக எதிரே நின்றனர். சேலையூர்க் கிராமத்தார் அவ்வாறு நிற்க இயலவில்லை.

4. 1938: இரண்டு குரல்கள்

வளாகம் திறந்த மறு ஆண்டு, 1938 டிசம்பரில், உலக மிஷனெரி மன்றத்தின் மாநாடு அங்கே கூடிற்று. 470-க்கு மேற்பட்டோர் பல நாடுகளிலிருந்து வந்தனர். ஹென்ட்ரிக் கிரேமர் அம்மாநாட்டுக்கென எழுதிய நூல், நற்செய்திக்கும் பிற சமயங்களுக்கும் இடையே ஆழ்ந்த பிளவு உண்டென வலியுறுத்தியது. இறையியல் மாணவர் அனைவரும் இதனைப் படிக்கின்றனர். ஆனால் இடத்தின் நோக்கில் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்போர் குறைவு.

கிரேமருக்கு உறுதியான மறுமொழி எங்கிருந்து வந்தது? ‘இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்தல்’ என்ற பொருளுடைய தொகுப்பை அதே ஆண்டில் சென்னை நகரத்து எழுத்தாளர் குழுவொன்று வெளியிட்டது. அக்குழுவில் முதன்மையானவர்கள் பி. செஞ்சையாவும் வெ. சக்கரையும். இருவரும் சட்டம் பயின்றவர்கள். குருத்துவம் பெறாத இறைமக்கள். எஸ்பிளனேடுக் கல்லூரியின் மாணவர்கள். சக்கரை தொழிற்சங்கத்தில் உழைத்தவர்; 1941-இல் சென்னை நகர மேயரானவர். மாநாட்டினுள்ளே கிரேமரிடம் கூர்மையான கேள்வி எழுப்பியவர்களுள் ஒருவர் ஹாக். அவரும் எஸ்பிளனேடில் இந்து மாணவரோடு வாதிட்டு உருவானவர்.

உலகமே தாம்பரத்துக்கு வந்தபோது, அதனோடு பேசத்தக்க இறையியலைத் தந்தது பழைய பட்டணத்துத் தெருவின் வழக்காடலே. புதிய வளாகத்தின் அமைதியில் அவ்விறையியல் பிறக்கவில்லை. அவர்கள் கூறியவை அனைத்தையும் நாம் ஏற்கவேண்டுவதில்லை. நிறுவனத் திருச்சபையைக் குறித்த செஞ்சையாவின் தீர்ப்பு மிகக் கடுமையானது என்றே நாம் கருதுகின்றோம். ஆனால் அத்தகைய மறுமொழி தரும் மாணவரை ஒரு கல்லூரி பெறவேண்டுமாயின், நகரத்தின் வழக்குகள் வகுப்பறைக்குள் நுழைய வழி இருக்கவேண்டும்.

5. பின்தொடர்ந்து வந்த நகரம்

கல்லூரி நகரத்தை விட்டுச் சென்றது. நகரமோ கல்லூரியை விடவில்லை. ரயில் பாதையின் இருமருங்கிலும் குடியிருப்புகள் பெருகின. 1964-இல் தாம்பரம் நகராட்சியாயிற்று; 2021-இல் மாநகராட்சியாயிற்று. அமைதிக்காகத் தேர்ந்த காடு இன்று நெருக்கமான நகரத்தின் நடுவே ஒரு பசுந்தீவாக நிற்கின்றது. நகரத்திலிருந்து விலக்கிவைத்த மரங்களே இப்போது அந்நகரத்துக்குக் கல்லூரி அளிக்கக்கூடிய அரிய செல்வங்களுள் ஒன்றாகிவிட்டன.

இப்போது வாசலில் நிற்பது 1842-இன் செல்வர் நகரமன்று. ரயில்வே ஊழியர், கட்டடத் தொழிலாளர், தெருவோர வியாபாரிகள், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் ஆகியோரின் நகரம் அது. எஸ்பிளனேடில் வெளியே நடந்து சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் என்றும் இவர்களைச் சொல்லலாம். 1978-இல் கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்தது. லிண்ட்சே குழு நொந்துகொண்ட பல்கலைக்கழகத் தேர்வுத் தளை அன்றே தளர்ந்தது. பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும் கல்லூரி, ஊரின் கேள்விகளுக்கு இடமில்லை என்று இனிப் பிறர்மேல் குறை சொல்ல இயலாது.

6. நமக்குரிய வினா

கிறிஸ்தவ நிறுவனங்கள் நகரத்தோடு தமக்குள்ள உறவைப் பேசும்போது, சிறையிருப்பிலிருந்தோருக்கு எரேமியா எழுதிய கடிதத்தை (எரேமியா 29) எடுத்துக்காட்டுவது வழக்கம். நகரத்தின் நலனைத் தேடும்படி அது பணிக்கின்றது. ஆனால் அக்கடிதத்தைப் பெற்றவர்கள் அதிகாரமற்றோர். தோற்றுப்போய் அந்நிய ஊரில் வாழ்ந்தவர்கள். நம் கல்லூரிகளோ ஆட்சியாளரின் நிழலில் வந்தவை. நிலமும் மதிற்சுவரும் உடையவை. அக்கடிதத்தை நாம் அப்படியே நமக்கு உரிமையாக்குவது எளிதன்று.

நமக்கு ஏற்ற பகுதி மத்தேயு 15-ஆம் அதிகாரம் என்று தோன்றுகின்றது. தீரு, சீதோன் எல்லையில் கானானியப் பெண்ணொருத்தி ஆண்டவரிடம் மன்றாடினாள். சீடர் அவளை அனுப்பிவிட முயன்றனர். ஆண்டவர் கூறிய கடுஞ்சொல்லுக்கும் அவள் மறுமொழி கூறினாள். அம்மறுமொழியை அவர் கேட்டார். அதனைப் பெரிய விசுவாசமென்று போற்றினார். ஊருக்கு வெளியிலிருந்து வந்த போதகர் அவ்வூர்ப் பெண்ணின் சொல்லுக்கு இடங்கொடுத்த இந்நிகழ்ச்சியே, கல்லூரிக்கும் நகரத்துக்கும் உள்ள உறவுக்கு அளவுகோலாகத் தக்கது. புளித்தமா உவமை தராத ஒன்றை இது தருகின்றது.

இவ்வளவுகோல் ஒரு கல்லூரிக்கு மட்டும் உரியதன்று. நம் இறையியல் கல்லூரிகளும் ஏதோ ஓர் ஊரில் நிற்கின்றன. நம் மாணவர் ஞாயிறுதோறும் ஊருக்குள் சென்று பிரசங்கிக்கின்றனர். வார நாட்களில் ஊர் நம் வகுப்பறைக்குள் வந்து ஏதேனும் சொல்கின்றதா? நம்மோடு உடன்படாத ஆசிரியர் ஒருவர், மறைமலையடிகளைப் போல, நம்மிடையே பணியாற்ற இயலுமா? நம் நிலத்தையும் நீரையும் மரநிழலையும் பற்றி அண்டை வீட்டார் முறையிட்டால், அதனை எழுதிவைக்க நம் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டா?

போதகர்களுக்கு ஒரு சிறு பயிற்சியைப் பரிந்துரைக்கின்றோம். உங்கள் ஊரிலுள்ள கிறிஸ்தவப் பள்ளி அல்லது கல்லூரியின் நூற்றாண்டு மலரை எடுத்துப் படியுங்கள். அதில் ஊரார் யாரேனும் நிறுவனத்தோடு மாறுபட்டுப் பேசியிருக்கின்றார்களா என்று பக்கம் பக்கமாகத் தேடுங்கள். இல்லையெனில், அப்பேச்சை இன்னும் நினைவில் வைத்திருக்கும் முதியோர் அவ்வூரில் இருப்பர். அவர்களிடம் சென்று கேட்டு எழுதிவையுங்கள். அடுத்த மலரில் அதற்கு முதல் அதிகாரத்திலேயே இடம் தரவேண்டும்.